வீட்டு ரெக்கார்டிங்குக்கும் சின்ன மேடைக்கும் ஒரே கிட்டார் ஆம்ப் போதுமா? (பட்ஜெட் 30,000)

வேளச்சேரி_ஸ்ட்ராட்:
எல்லோருக்கும் வணக்கம். கல்லூரியில் வாங்கிய 10 வாட் பிராக்டிஸ் ஆம்பை (கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) வைத்தே இத்தனை நாள் ஓட்டிவிட்டேன். இப்போது நாங்கள் நாலு பேர் சேர்ந்து பெசன்ட் நகர், ஆழ்வார்பேட்டை பக்கம் காபி கடைகளில் வாசிக்க ஆரம்பித்திருக்கிறோம். ஐம்பது அறுபது பேர் உட்காரும் இடங்கள்தான். ஆனாலும் டிரம்ஸ் ஆரம்பித்ததும் என் கிட்டார் எங்கே போகிறதென்றே தெரியவில்லை, வால்யூமை ஏற்றினால் பெட்டி கரகரவென்று இரைகிறது. வீட்டில் லேப்டாப்பில் சொந்தப் பாட்டுகளும் பதிவு செய்கிறேன், மூன்றாவது மாடி, பக்கத்து ஃபிளாட்டில் கைக்குழந்தை. கிட்டார் ஸ்ட்ராட் வகை, கம்பி அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் சிங்கிள் காயில். பட்ஜெட் 30,000, ரொம்ப அவசியம் என்றால் கொஞ்சம் இழுக்கலாம்.

15 வாட் ட்யூப் ஆம்ப் (பழைய ரேடியோ மாதிரி வால்வில் ஓடுவது) தாராளம் என்கிறான் ஒரு நண்பன். 100 வாட்டுக்குக் குறைந்து வாங்காதே என்கிறான் இன்னொருத்தன். இரண்டு பேரும் என்னைவிட நன்றாக வாசிப்பவர்கள், அதுதான் பிரச்சினை.

மிக்ஸர்காரன்:
முதலில் நாலு விஷயம் சொல்லுங்கள் தம்பி. முழு டிரம் கிட்டா, இல்லை கஹோன் (உட்கார்ந்து கையால் தட்டும் மரப்பெட்டி) மாதிரி ஏதாவதா? கடையில் ஸ்பீக்கரும் மிக்ஸரும் அவர்களே வைத்திருக்கிறார்களா? உங்கள் பக்கம் திரும்பிய மானிட்டர் பெட்டி உண்டா? சாமானை எதில் தூக்கிக்கொண்டு போகிறீர்கள்?

வாட் கணக்கைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். வாட்டை இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபல்தான் ஏறும், காதுக்கு "கொஞ்சம் கூடியிருக்கிறது" என்ற அளவு. இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் விலையில் தெரிகிற அளவுக்குக் காதில் தெரியாது. உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் 97 டெசிபல் சென்சிட்டிவிட்டியா (ஒரு வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) 100 டெசிபலா என்பதே ஆம்பின் வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமம், ஆனால் கடையில் அதை யாரும் கேட்பதில்லை. உங்கள் பழைய பெட்டியில் 10 வாட்டைவிட அதிலிருக்கும் குட்டி ஸ்பீக்கர்தான் பெரிய குறையாக இருக்கும்.

ட்யூப்_பைத்தியம்:
ட்யூப் வாங்குங்கள், அப்புறம் திரும்பிப் பார்க்க மாட்டீர்கள். ஃபெண்டர் புளூஸ் ஜூனியர் 15 வாட்தான், இரண்டு ஈ.எல்.84 வால்வ், ஒரு 12 இஞ்ச் ஸ்பீக்கர். டிரம்மரோடு தாராளமாக நிற்கும். வாக்ஸ் ஏசி15-உம் அதே இனம். விரலை மெதுவாக வைத்தால் சுத்தமாகப் பேசும், அழுத்தினால் கடிக்கும், கிட்டாரில் இருக்கும் வால்யூம் குமிழை வைத்தே ஒரு பாட்டு முழுவதையும் ஓட்டலாம். பல ஆம்ப்களின் சத்தத்தை டிஜிட்டலில் போலச்செய்யும் மாடலிங் ஆம்பில் இருநூறு சத்தம் இருக்கும், ஒன்றிலும் மனசு ஒட்டாது.

மாடிவீட்டு_பதிவு:
@ட்யூப்_பைத்தியம் அண்ணா, நீங்கள் சொல்லும் அந்தக் கடி எந்த வால்யூமில் வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பவர் வால்வ் உழைக்க ஆரம்பித்தால்தான் அது வரும், அப்போது பக்கத்து ஃபிளாட் குழந்தை எழுந்து உட்கார்ந்திருக்கும். விலையும் அவர் பட்ஜெட்டைத் தாண்டி ரொம்ப தூரம்.

ட்யூப்_பைத்தியம்:
அதற்கு ஸ்பீக்கருக்குப் போகும் பவரைக் குறைக்கும் அட்டென்யுவேட்டர் இருக்கிறது. 5 வாட், 1 வாட் ட்யூப் ஆம்பும் வருகிறது, மார்ஷலிலேயே டி.எஸ்.எல்.1 இருக்கிறது. ஆனால் சரி, 30,000-த்துக்குள் புதிதாகக் கிடைப்பது கஷ்டம், அதை ஒப்புக்கொள்கிறேன். மனசில்லாமல்.

வேளச்சேரி_ஸ்ட்ராட்:
@மிக்ஸர்காரன் சார், பாதி நாள் கஹோன், பாதி நாள் டிரம் கிட், ஆனால் டிரம்மர் அடக்கித்தான் அடிப்பார். கடையில் ஸ்டாண்டில் இரண்டு ஸ்பீக்கர், ஒரு குட்டி மிக்ஸர். மானிட்டர் கிடையாது. பாடுகிறவருக்கும் கீபோர்டுக்கும் போக மிக்ஸரில் இரண்டு சேனல்தான் மிஞ்சும். போக்குவரத்து என் ஸ்கூட்டர், மழை என்றால் ஆட்டோ.

மெல்லிசை_லீட்:
நான் கொஞ்சம் ஏறுக்குமாறாகச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். ஆம்ப் எதற்கு? கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, கம்பெனி ஆண்டுவிழா என்று மெல்லிசைக் குழுவில் வாசிக்கும் நாங்கள் ஆம்பை மேடை ஏற்றி வருஷங்கள் ஆகின்றன. ஒரு மல்டி எஃபெக்ட்ஸ் (காலால் சத்தத்தை மாற்றும் பெட்டி), ஒரு வயர், மிக்ஸரில் ஒரு சேனல், தீர்ந்தது. ஒரே ராத்திரியில் பழைய பாட்டின் வா-வா சத்தமும் வேண்டும், நேற்று வந்த பாட்டின் டிஸ்டார்ஷனும் வேண்டும், நடுவில் அக்கூஸ்டிக் மாதிரியும் கேட்க வேண்டும். எந்த ஆம்ப் இத்தனையும் தரும்?

ஒரே எச்சரிக்கை, கிட்டாரை நேராக மிக்ஸரின் லைன் சேனலில் குத்தாதீர்கள். பிக்கப்புக்கு 1 மெகாஓம் மாதிரி பெரிய இம்பீடன்ஸ் (மின்தடை மாதிரி) எதிரே இருக்க வேண்டும், மிக்ஸரின் லைன் இன்புட் பெரும்பாலும் 10 கிலோஓம் சுற்றுவட்டாரம். குத்தினால் ட்ரெபிள் செத்துப்போய்ப் போர்வைக்குள்ளிருந்து வாசிக்கிற மாதிரி கேட்கும். நடுவில் ஒரு பெடலோ டிஐ பாக்ஸோ (கிட்டார் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) இருந்தே ஆக வேண்டும்.

மிக்ஸர்காரன்:
@மெல்லிசை_லீட் அண்ணே, உங்கள் மேடையில் உங்களுக்கென்று ஒரு மானிட்டர் இருக்கிறது. அதிலும் ரிசப்ஷன் மேடையில் மைக்செட்காரர் பாட்டையும் தபேலாவையும் கீபோர்டையும் கொடுத்துவிட்டு கிட்டாரை மறந்துவிடுவது உங்களுக்குத் தெரியாததா?

மெல்லிசை_லீட்:
தெரியாமலா? மூன்றாவது பாட்டுவரை கையைக் காட்டிக்கொண்டே இருப்பேன். அவர் "எல்லாம் சரி" என்று கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவார்.

மிக்ஸர்காரன்:
அதைத்தான் சொல்கிறேன். இந்தத் தம்பிக்கு மானிட்டரே கிடையாது. ஸ்டாண்ட் ஸ்பீக்கர் இரண்டும் அவருக்கு முன்னால், ஜனங்களைப் பார்த்துத் திரும்பி நிற்கின்றன. மல்டி எஃபெக்ட்ஸை மிக்ஸரில் கொடுத்தால் கேட்கிறவர்களுக்கு நன்றாக இருக்கும், வாசிக்கிறவருக்குச் சுவரில் பட்டுத் திரும்புவதுதான் மிச்சம். சின்னக் கடையில் ஆம்ப் என்பது முதலில் உங்கள் மானிட்டர், அப்புறம்தான் ஜனங்களுக்கான சத்தம். அந்தக் கணக்கில் பார்த்தால் எதை வாங்குவது என்பது பாதி முடிவாகிவிடும்: தூக்க முடிய வேண்டும், டிரம்ஸுக்கு மேலே சுத்தமாகக் கேட்க வேண்டும், தேவைப்பட்டால் மிக்ஸருக்கும் ஒரு வயர் போக வேண்டும்.

வைக்கிற விதமும் முக்கியம். கிட்டார் ஸ்பீக்கரில் ட்ரெபிள் நேர்கோட்டில் குறுகிப் பாயும். ஆம்பைத் தரையில் வைத்து ஒட்டி நின்றால் ட்ரெபிள் உங்கள் முழங்காலுக்குப் போகும், காதுக்கு மந்தமாகக் கேட்கும், நீங்கள் ட்ரெபிளை ஏற்றுவீர்கள், அதே கோட்டில் முதல் வரிசையில் காபி குடிப்பவர் முகத்தைச் சுளிப்பார். ஒரு நாற்காலி மேல் தூக்கி வைத்து, கொஞ்சம் மல்லாத்தி, உங்கள் காதைப் பார்க்கத் திருப்புங்கள். வால்யூம் பாதி போதும். கடைக்காரர் ஸ்டூல் தர மறுத்ததாக இதுவரை கேள்விப்பட்டதில்லை.

பெரம்பூர்_பாஸ்:
ஆங்கிலோ இந்தியன் டான்ஸ் பேண்டுகள் ஓடிய காலத்திலிருந்து ஆம்ப் தூக்குகிறவன் நான். இரண்டே வார்த்தை: எடை, படிக்கட்டு. ரோலண்ட் ஜே.சி.120 என்று 1975-இல் வந்த ஒரு பெட்டி, இன்றைக்கும் அந்த க்ளீன் (கரகரப்பில்லாத) சத்தத்துக்கு ஈடு கிடையாது, ஆனால் 28 கிலோ. லிஃப்ட் இல்லாத மொட்டைமாடி ஓட்டலுக்கு அதை ஏற்றிவிட்டு, வாசிக்கக் கை நடுங்காமல் இருந்தால் சொல்லுங்கள். ஸ்கூட்டர் முன்பலகையில் நிற்காத ஆம்ப் உங்களுக்கு வேண்டாம்.

வேளச்சேரி_ஸ்ட்ராட்:
ஹஹா. சரி, இப்போது என் பட்டியல் இது: பாஸ் கட்டானா 50, ஃபெண்டர் சாம்பியன் 40, ஆரஞ்ச் க்ரஷ் 35ஆர்டி. யமஹா டி.எச்.ஆர்.10-உம் மனதில் இருக்கிறது, நண்பன் வீட்டில் கேட்டேன், ரெக்கார்டிங்குக்குப் பிரமாதமாக இருந்தது. அதையே கடைக்குக் கொண்டுபோனால்?

மாடிவீட்டு_பதிவு:
டி.எச்.ஆர்.10-ஐ நான் தினமும் வைத்திருப்பவன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன், டிரம்ஸ் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். 8 சென்டிமீட்டர் ஸ்பீக்கர் இரண்டு, வீட்டு மேஜை மேல் வைத்துக் கேட்கவே பிறந்தது. குறைந்த வால்யூமில் அது முழுசாகக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. நம் காது குறைந்த சத்தத்தில் பேஸையும் ட்ரெபிளையும் சரியாகப் பிடிக்காது, 1933-இலேயே ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு பேர் இதை அளந்து வரைபடமாகப் போட்டுவிட்டார்கள். வீட்டு ஆம்ப் செய்கிறவர்கள் அதை ஈடுகட்டித்தான் செய்கிறார்கள்.

இதே காரணத்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. எந்த ஆம்ப் வாங்கினாலும், ராத்திரி வீட்டில் மெதுவாக வைத்து அமைத்த டோனை அப்படியே கடையில் சத்தமாக வைத்தால் பேஸ் குழம்பும், ட்ரெபிள் குத்தும், நடுவில் ஒன்றும் இருக்காது, பேண்டுக்குள் கிட்டார் தொலையும். மேடைக்குத் தனியாக ஒரு அமைப்பு வைத்துக்கொள்ளுங்கள்: பேஸைக் குறைத்து, மிட்டை (நடு ஒலிகளை) ஏற்றி. தனியாக வாசித்தால் மூக்கால் பாடுகிற மாதிரி அசிங்கமாக இருக்கும், டிரம்ஸும் பேஸும் சேர்ந்ததும் சரியாக உட்காரும்.

மூன்றில் என் வோட்டு கட்டானாவுக்கு. 12 இஞ்ச் ஸ்பீக்கர், எடை 12 கிலோவுக்குள், பின்னால் யூ.எஸ்.பி குத்தினால் நேராக லேப்டாப்பில் பதிவாகும். பவரை அரை வாட், 25, 50 என்று மாற்றிக்கொள்ளலாம், அந்த அரை வாட் உங்கள் பக்கத்து வீட்டுக்காகவே வைத்தது.

மிக்ஸர்காரன்:
கட்டானா 50 எம்.கே.2 எடுத்தால் ஒன்றைக் கவனியுங்கள். அதில் மிக்ஸருக்குக் கொடுக்க ஹெட்போனும் ரெக்கார்டிங்கும் சேர்ந்த ஒரே ஜாக்தான். அதில் வயரைக் குத்தினால் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். மானிட்டராகவும் வேண்டும், மிக்ஸருக்கும் போக வேண்டும் என்றால் ஸ்பீக்கர் முன்னால் ஒரு மைக் வைத்தாக வேண்டும். 100 வாட் மாடலில் லைன் அவுட் தனியாக இருக்கிறது, ஆனால் எடையும் விலையும் ஏறும்.

மெல்லிசை_லீட்:
ஆரஞ்ச் க்ரஷ் 35ஆர்டி-யைத் தள்ளிவிடாதீர்கள். 10 இஞ்ச் ஸ்பீக்கர்தான், ஆனால் குமிழைத் திருகினால் சத்தம் வரும், அவ்வளவுதான் அதன் வேலை. மெனு, ஆப், அப்டேட் ஒன்றும் கிடையாது. ரிவர்பும் ட்யூனரும் உள்ளேயே இருக்கிறது, ஹெட்போன் ஜாக்கில் கேபினெட் சிமுலேஷனும் (ஸ்பீக்கர் பெட்டியில் கேட்கிற மாதிரி மாற்றுவது) வரும். கட்டானாவை வாங்கி, கம்ப்யூட்டரில் மாட்டி, டோன் தேடுகிறேன் என்று வாசிக்கவே மறந்துபோன பையன்கள் எனக்குத் தெரியும்.

சால்டரிங்_சாமி:
எந்த ஆம்ப் என்று இத்தனை பேச்சு, அதை எந்த பிளக்கில் குத்துவீர்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. என்னிடம் ரிப்பேருக்கு வருவதில் பாதி அந்த வகைதான்.

சென்னையில் பழைய வீடுகள், சின்னக் கடைகள், சாமியானா பந்தல்கள், இங்கெல்லாம் மூன்று ஓட்டை பிளக் இருக்கும், எர்த் வயர் உள்ளே சும்மா தொங்கும். கிட்டார் கம்பி உங்கள் ஆம்பின் எர்த்தோடு சேர்ந்தது. பாடுகிறவரின் மைக் வேறு லைனிலிருந்து வரும் மிக்ஸரோடு சேர்ந்தது. இரண்டுக்கும் நடுவில் வோல்டேஜ் வித்தியாசம் இருந்தால், கையில் கம்பி, உதட்டில் மைக், பாலம் நீங்கள். 1972-இல் ஸ்வான்ஸியில் ஸ்டோன் த க்ரோஸ் இசைக்குழுவின் கிட்டார்காரர் லெஸ் ஹார்வி எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்துபோனார். உதட்டில் சுள்ளென்று ஒரு தடவை பட்டாலும் வாசிப்பதை நிறுத்துங்கள். ஆம்பையும் மிக்ஸரையும் ஒரே பிளக் பாயின்டிலிருந்து ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் எடுங்கள், பாதிப் பிரச்சினை தீரும். மூன்று விளக்கு சாக்கெட் டெஸ்டர் ஒன்றை கிட்டார் பையிலேயே போட்டுவையுங்கள், ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். இரைச்சல் வருகிறது என்று பிளக்கின் எர்த் பின்னை மட்டும் எவன் சொன்னாலும் வெட்டாதீர்கள். இரைச்சலுக்கு டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் இருக்கிறது, அது சிக்னல் பக்கம் மட்டும் துண்டிக்கும்.

அமெரிக்காவிலிருந்து மாமா கொண்டுவந்தார், சித்தப்பா அனுப்பினார் என்று ஆம்ப் வந்தால் பின்பக்கம் படித்துவிட்டு மாட்டுங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. பிளக் அடாப்டர் ஓட்டையைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. ஒரு பையன் நேராக மாட்டிவிட்டு "சார், புகை வருகிறது, நார்மலா?" என்று போனில் கேட்டான்.

ட்யூப்_பைத்தியம்:
ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ட்யூப் ஆம்பை ஆன் செய்யக்கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் சாமி. செகண்ட் ஹேண்ட் பார்க்கப் போகிறவர்கள் அதையும் விற்பவரிடம் கேட்பது நல்லது.

சால்டரிங்_சாமி:
ஆமாம், அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடும், அதுதான் அந்தப் பெட்டியிலேயே செலவு பிடிக்கிற சாமான். செகண்ட் ஹேண்ட் என்றால் எல்லாக் குமிழையும் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் வீட்டு ஆம்ப்களில் கடல் காற்று பட்டு ஜாக்கும் குமிழும் கரகரக்கும். அது மட்டும்தான் என்றால் கான்டாக்ட் கிளீனர் அடித்தால் சரியாகிவிடும், அதைக் காட்டி விலையையும் குறைக்கலாம். அரை மணி நேரம் ஓடவிட்டுக் கேளுங்கள். சூடானபின் சத்தம் விட்டுவிட்டு வந்தால் வாங்காதீர்கள்.

வேளச்சேரி_ஸ்ட்ராட்:
சாமி அண்ணா, பயமுறுத்திவிட்டீர்கள், ஆனால் நன்றி. போன வாரம் எங்கள் பாடகர் "மைக் கடிக்கிறது" என்றார், நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம்.

இன்னொரு கேள்வி. வீட்டில் பதிவு செய்யும்போது என் கிட்டாரில் "ஸ்ஸ்ர்ர்" என்று ஒரு இரைச்சல், கம்பியைத் தொட்டாலும் போகவில்லை. ஆம்ப் மாற்றினால் போகுமா?

மாடிவீட்டு_பதிவு:
போகாது. மேலே பாருங்கள், ஃபேன் ஓடுகிறதா? எலக்ட்ரானிக் ரெகுலேட்டரை இரண்டிலோ மூன்றிலோ வைத்திருந்தால் அது மின்சாரத்தை வெட்டி வெட்டித்தான் அனுப்பும், சிங்கிள் காயில் அதை ஆன்டெனா மாதிரி பிடிக்கும். முழு வேகத்தில் வைத்தால் இரைச்சல் குறையும், அணைத்தால் அடங்கும். மே மாசத்தில் ஃபேனை அணைத்துவிட்டு டேக் எடுப்பவனின் வியர்வையும் அந்தப் பாட்டில் சேர்த்திதான். கரன்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது இன்னும் மோசம், சைன் வேவ் தராத பழைய இன்வெர்ட்டர் என்றால் பதிவு செய்வதையே தள்ளிப்போடுங்கள். கிட்டாரோடு நாற்காலியில் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள், ஏதோ ஒரு திசையில் இரைச்சல் சட்டென்று குறையும், அங்கே உட்கார்ந்து வாசியுங்கள்.

உண்மையைச் சொன்னால் வீட்டுப் பதிவுக்கு ஆம்ப் தேவையே இல்லை. கிட்டாரை நேராகக் குத்தும் ஹை-இசட் இன்புட் இருக்கும் ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் (லேப்டாப்போடு இணைக்கும் பதிவுப் பெட்டி), லேப்டாப்பில் நியூரல் ஆம்ப் மாடலர் என்ற மென்பொருள், அது இலவசம், போதும். பஃபரை (லேப்டாப் ஒரு தடவைக்குச் சேர்த்துவைக்கும் ஒலி அளவு) 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிளுக்கு வைத்தால் அந்தப் பஃபரால் வரும் தாமதம் 3 மில்லிசெகண்டுக்கும் குறைவு. போக, வர என்று எல்லாம் சேர்த்து 10 மில்லிசெகண்ட் ஆனாலும், ஆம்பிலிருந்து பத்துப் பதினோரு அடி தள்ளி நிற்கும்போது சத்தம் வந்து சேரும் நேரம்தான் அது. ஆம்பை மேடைக்காகவே தேர்ந்தெடுங்கள், வீட்டுக்கு உதவினால் லாபம்.

ட்யூப்_பைத்தியம்:
இப்படியே போனால் கிட்டாரும் தேவையில்லை என்பீர்கள். ஒரு ஷூர் எஸ்.எம்.57 மைக்கை ஸ்பீக்கர் முன்னால் வைத்து, காற்று அசைந்து பதிவான சத்தம் இருக்கிறதே, அதை எந்தக் கம்ப்யூட்டர் தரும்?

மாடிவீட்டு_பதிவு:
தரும் தராது என்ற சண்டைக்கு வரவில்லை அண்ணா, பகல் பதினொரு மணிக்கு நானும் மைக் வைக்கிறேன். கூம்பின் நடுவில் இருக்கும் மூடிக்கு நேராக வைத்தால் கூர்மையாகக் கேட்கும், ஓரத்துக்கு நகர்த்த நகர்த்த இருட்டும். மூடியும் கூம்பும் சேர்கிற விளிம்பிலிருந்து ஆரம்பித்து விரல் அகலம் விரல் அகலமாக நகர்த்துங்கள். ஸ்பீக்கர் முன்னாலிருக்கும் துணிக்கு ரொம்ப ஒட்டி வைத்தால் பேஸ் தானாக ஏறும். நண்பர் ஒருவர் ஹெட்போனில் கேட்டுக்கொண்டே இருக்க நீங்கள் மைக்கை நகர்த்துவதுதான் சுலபம். பத்து நிமிஷ வேலை, அப்புறம் ஈக்யூவை (பேஸ், ட்ரெபிள் சரிசெய்வது) தொடவே வேண்டியிருக்காது. ராத்திரியில் மட்டும் வேண்டாம். ஒலி மாசு விதிகள் 2000-இல் வந்ததிலிருந்து குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை 45 டெசிபல்தான் அளவு, பகலிலேயே 55. டெசிபல் மீட்டரோடு யாரும் வரமாட்டார்கள், அசோசியேஷன் செயலாளர் வெறும் கையோடு வருவார்.

பெரம்பூர்_பாஸ்:
இத்தனை படித்து என்ன, காதால் கேட்காமல் வாங்காதீர்கள் தம்பி. உங்கள் கிட்டாரையே தூக்கிக்கொண்டு போங்கள். அண்ணா சாலை மியூசி மியூசிக்கல் 1842-இலிருந்து இருக்கிறது, கிட்டாரோடு வந்து உட்கார்ந்து வாசித்துப் பார்ப்பவரை அவர்கள் பார்க்காததா. இல்லை, ஆள் ஆளுக்குக் காசு போட்டு ஒரு மணி நேரம் ஜாம் ரூம் எடுங்கள். அங்கே ஏதாவது ஒரு 12 இஞ்ச் ஆம்ப் இருக்கும், டிரம்மரையும் கூட்டிப்போங்கள். கடையின் கண்ணாடி அறையில் தனியாகக் கேட்டு மயங்கியதெல்லாம் டிரம்ஸ் வந்ததும் தெளிந்துவிடும்.

வேளச்சேரி_ஸ்ட்ராட்:
கேட்டுவிட்டேன் சார். ஜாம் ரூமில் சாம்பியன் 40 இருந்தது, டிரம்ஸோடு க்ளீன் அருமை, டிஸ்டார்ஷன் மட்டும் மனசுக்கு ஒட்டவில்லை. ஆரஞ்ச் எங்கும் வாசித்துப் பார்க்கக் கிடைக்கவில்லை. அண்ணா சாலையில் என் கிட்டாரிலேயே கட்டானா 50 வாசித்தேன், 25 வாட்டிலேயே கடை ஊழியர் திரும்பிப் பார்த்தார். மெல்லிசை அண்ணா சொன்ன பயம் இருக்கிறது, அதனால் க்ளீன் ஒன்று, கரகரப்பு ஒன்று, இரண்டை மட்டும் சேமித்துவிட்டு ஆப் பக்கமே போகப் போவதில்லை. முன்பணம் கட்டியாகிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை ஆழ்வார்பேட்டையில் டிரம் கிட்டோடு நிகழ்ச்சி. மிக்ஸரில் எனக்கு ஒரு சேனல் தருகிறார்கள். மைக் வைப்பதா, விட்டுவிடுவதா?

மிக்ஸர்காரன்:
அறுபது பேர் உட்காரும் கடைக்கு முதலில் மைக் இல்லாமலே வாசியுங்கள். ஆம்ப் நாற்காலி மேல், 25 வாட், உங்கள் காதைப் பார்த்து. சவுண்ட் செக்கில் பாடகரை ஒரு பாட்டு முழுசாகப் பாடச் சொல்லிவிட்டு நீண்ட வயரோடு கடைசி மேஜைவரை நடந்து போய்க் கேளுங்கள். அங்கே கிட்டார் குறைந்தால் மட்டும் மைக். கடையில் பாட்டுக்கு வைத்திருக்கும் ஷூர் எஸ்.எம்.58 மாதிரி மைக்கே போதும், ஸ்டாண்டில் துணிக்கு முன்னால் நிறுத்துங்கள், 58 முகம் ஸ்பீக்கரைப் பார்க்க வேண்டும், ஆம்பின் கைப்பிடி வழியாக வயரில் தொங்கவிட்டால் தரையைப் பார்க்கும், டிரம்ஸ்தான் பதியும். 20 அடி எக்ஸ்.எல்.ஆர் (மைக்) வயர் ஒன்று நீங்களே கொண்டுபோங்கள், கடையில் இருப்பதை நம்பாதீர்கள்.

சால்டரிங்_சாமி:
டெஸ்டர்.

வேளச்சேரி_ஸ்ட்ராட்:
வாங்கிவிட்டேன் அண்ணா, பையில் இருக்கிறது. எங்கள் வீட்டு ஹால் பிளக்கிலேயே எர்த் இல்லை என்று காட்டுகிறது. எலக்ட்ரீஷியன் நாளைக்கு வருகிறார்.